லோ தெ மார்க்கோஸிலிருந்து கால்கரி: மூன்று ஆர்வி சேர்ந்து வடக்கே திரும்புவது பற்றி

குளிர்ப்பறவை:
வணக்கம். மெக்சிகோவின் நயாரித் கடற்கரையில், லோ தெ மார்க்கோஸில், நண்பர்கள் நாங்கள் மூன்று ஆர்வியோடு, அதாவது உள்ளேயே தங்கிச் சமைக்கும் வீட்டு வண்டிகளோடு, குளிர்காலத்தைக் கழிக்கிறோம். ஒன்று 34 அடி பெட்ரோல் மோட்டார்ஹோம். இரண்டாவது 2015 டீசல் பிக்கப், பின்னால் இரண்டு அச்சு ஃபிஃப்த் வீல் (பிக்கப்பின் தட்டில் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டி). மூன்றாவது கிளாஸ் சி என்னும் சின்ன மோட்டார்ஹோம்; நாலு சக்கரமும் தரையில் உருள ஒரு சின்னக் காரை இழுத்து வரும். எல்லோருக்கும் நவம்பர் 10 முதல் 180 நாள் தங்க அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.

2027 மார்ச் 25 கிளம்பி, 15-ஆம் நெடுஞ்சாலையில் அமெரிக்க எல்லையிலுள்ள நோகாலெஸ், அங்கிருந்து கனடாவின் கால்கரி என்று திட்டம். தேதி சரிதானா? ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டலாம்? சினலோவா மாநிலத்தைத் தாண்டுவது எப்படி? ஐந்து மாதம் நின்ற வண்டிகளில் எதைப் பார்க்கணும்? பேப்பர் வேலை என்ன? தெற்கே வருவதற்கு நிறைய எழுதியிருக்கிறார்கள், திரும்பிப் போவதற்கு ஒன்றும் கண்ணில் படவில்லை.

பதினஞ்சாம் ரோடு:
முதல்ல தேதியை மாத்துங்க. 2027-ல ஈஸ்டர் மார்ச் 28. நீங்க சொல்ற 25-ந்தேதி பெரிய வியாழன். அந்த வாரமும் அடுத்த வாரமும் மெக்சிகோவே லீவுல இருக்கும், குவாதலஹாரா ஊரே கடற்கரைக்கு இறங்கும். கடற்கரையோரம் போற 200-ஆம் ரோட்டுல ஆர்வியை வச்சுக்கிட்டு அதுல மாட்டவே கூடாது. ஒண்ணு மார்ச் 18-க்குள்ள கிளம்பிடுங்க, இல்லேன்னா ஏப்ரல் 6 செவ்வாய்க்கிழமை. ரெண்டாவதுதான் நல்லது. மார்ச்ல போனா மொன்டானா பனியில போய் நிப்பீங்க. நவம்பர் 10-லேருந்து எண்ணினா உங்க 180-ஆவது நாள் மே 8. ஏப்ரல் 6 கிளம்பினாலும் ஒரு மாசம் கையிருப்பு இருக்கு.

தூரம்: ஒரு நாளைக்கு 350-லேருந்து 425 கி.மீ. அதுக்கு மேல வேண்டாம். முதல் நாள் மசாத்லான், ரெண்டாம் நாள் லோஸ் மோச்சிஸ், மூணாம் நாள் குவாய்மாஸ் பக்கத்துல சான் கார்லோஸ், நாலாம் நாள் எல்லை. ஏப்ரல் முதல் வாரத்துல மசாத்லான்ல ஆறரைக்குள்ள சூரியன் விழுந்துடும். மெக்சிகோ 2022-லயே கோடைக்கால நேரத்தை எடுத்துட்டாங்க. அதனால நாலு மணிக்கு வண்டி ஆர்வி பார்க்ல, அதாவது ஆர்விகள் தங்குற இடத்துல, நிக்கணும்னு வச்சுக்கோங்க. ராத்திரி ஓட்டம் கூடாதுன்னு சொல்றதுக்குக் கொள்ளைக்காரன் மட்டும் காரணமில்ல. மாடு, விளக்கில்லாத லாரி, ரோட்டுல கிடக்குற கல், எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

நேரக் குழப்பம் ஒண்ணு இருக்கு. லோ தெ மார்க்கோஸ் பாஹியா தெ பாந்தேராஸ் நகராட்சியில வருது, அங்க மணி நயாரித்தோட மத்த பகுதிகளைவிட ஒரு மணி நேரம் கூட. வடக்கே கொம்போஸ்தேலா எல்லை தாண்டினதும் ஒரு மணி குறையும். போன் தானா மாறும், வண்டி கடிகாரம் மாறாது. "எட்டு மணிக்குச் சந்திப்போம்"னா எந்த எட்டுன்னு சொல்லிக்கோங்க.

லாஸ் வராஸ் வரைக்கும் 200-ஆம் ரோடு ஒடுக்கம், ஓரமே கிடையாது. எதிர்ல பஸ் வந்தா கண்ணாடிக்குக் கண்ணாடி உரசும். வேகத்தைக் குறைச்சு, வலது சக்கரத்தை வெள்ளைக்கோட்டு மேல வச்சுப் போங்க. லாஸ் வராஸ்லேருந்து கொம்போஸ்தேலாவுக்கு டோல் ரோடு இருக்கு, காசு போனாலும் அதுலதான் போகணும். அதுக்கப்புறமும் முடிஞ்ச வரைக்கும் குவோத்தா, அதாவது டோல் ரோடு. கட்டணம் அச்சுக் கணக்குல. பிக்கப்பும் ஃபிஃப்த் வீலும் சேர்ந்து நாலு அச்சு, கிளாஸ் சி-யும் காரும் சேர்ந்து நாலு. பெசோ ரொக்கமா வச்சுக்கோங்க, 50, 100 தாளா. ரசீதைத் தூக்கிப் போடாதீங்க, அந்த ரோட்டுல விபத்து ஆனா இன்சூரன்ஸுக்கு அதைத்தான் கேப்பாங்க. வண்டி நின்னுபோனா 078, பச்சை வண்டி உதவிக்காரங்க வருவாங்க.

ஊருக்குள்ள நுழையுற இடத்துலயும் வெளியேறுற இடத்துலயும் தோபே இருக்கும், நம்ம ஊர் வேகத்தடைதான், ஆனா பாதிக்குப் பெயின்ட் கிடையாது. மர நிழல் விழுந்த இடத்துல தெரியவே தெரியாது. முன் வண்டி ரேடியோவுல "தோபே"ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பின்னாடி வர்றவங்க பாத்திரம் பண்டம் பிழைக்கும்.

முன்னால போற லாரி இடது இண்டிகேட்டர் போட்டா ரெண்டு அர்த்தம்: "முந்திக்கோ, ரோடு காலி"ன்னும் இருக்கலாம், அவரே இடது பக்கம் திரும்பப் போறார்னும் இருக்கலாம். நம்பி ஏறாதீங்க. அதே மாதிரி ரெண்டு வழி ரோட்டுல நீங்க இடது திரும்பணும்னா நடுவுல நின்னு இண்டிகேட்டர் போடாதீங்க, பின்னாடி வர்றவன் முந்தச் சொல்றீங்கன்னு நினைச்சு இடது பக்கமா வந்து மோதுவான். வலது ஓரத்துல ஒதுங்கி நின்னு, ரெண்டு பக்கமும் காலியானதும் கடங்க.

வரிசை: ஏத்தத்துல மெதுவா ஏறுற வண்டி முன்னால. அதை நடுவுல வச்சா முன் வண்டி காணாமப் போயிடும். ஸ்பானிஷ் தெரிஞ்சவர் அதுல உட்காரட்டும். கருவிப்பெட்டி உள்ளவர் கடைசி. இடையில 200, 300 மீட்டர் விடுங்க, இல்லேன்னா மூணையும் ஒரே மூச்சுல முந்த எவனாவது பார்ப்பான். பாதி டேங்க் ஆனதும் எண்ணெய் போடுங்க. பெமெக்ஸ் பெட்ரோல் பங்க்ல இறங்கி நின்னு மீட்டர் பூஜ்யத்துல இருக்குறதைப் பார்த்துட்டுதான் தொடங்கச் சொல்லணும். கொடுக்குற தாளையும் உரக்க எண்ணிக் கொடுங்க.

சினலோவா. 2024 செப்டம்பர்லேருந்து அந்த மாநிலத் தலைநகர் குலியாகான் சுத்துவட்டாரத்துல கார்ட்டெலோட, அதாவது போதைக் கடத்தல் கும்பலோட, ரெண்டு பிரிவுக்கு நடுவுல சண்டை. அமெரிக்க வெளியுறவுத்துறையும் அந்த மாநிலத்துக்குப் போகாதேன்னுதான் சொல்லியிருக்கு. டோல் ரோட்டுலேயே, பகல்லயே, மசாத்லான்ல டேங்க் நிரப்பிட்டு, குலியாகான்ல இறங்காம ஓடறதுதான் முறை. கிளம்புற காலையில உள்ளூர்ச் செய்தியில "ப்ளொக்கேயோ"ங்கிற வார்த்தை, அதாவது ரோடு மறிப்பு, வந்திருந்தா அன்னிக்கு மசாத்லான்லயே இருங்க. நிலைமை மோசம்னா 40டி ரோட்டுல துராங்கோவுக்கு ஏறி, தொர்ரெயோன், சால்தியோ வழியா டெக்சஸ் போகலாம். 400 மீட்டர் உயரத்துல பலுவார்தே பாலம், அறுபதுக்கு மேல சுரங்கம்னு அருமையான ரோடு. ஆனா கால்கரிக்குச் சுத்து, பெட்ரோல் மோட்டார்ஹோமுக்கு ஏத்தமும் அதிகம்.

உப்புக்காத்து:
ரோட்டைப் பற்றி அவர் வடிவாச் சொல்லிப்போட்டார். நான் வண்டியைப் பற்றிச் சொல்லுறன். அஞ்சு மாசம் கடற்கரையில நிண்ட வண்டியைத் திறப்பைப் போட்டு அப்பிடியே எடுத்து ஓடாதேங்கோ. வெளிக்கிட ஒரு கிழமைக்கு முன்னமே தொடங்குங்கோ, ஏதாவது பாட்ஸ் வேணுமெண்டால் தேப்பிக் நகரத்துக்கோ புவேர்த்தோ வயார்த்தாவுக்கோ போய் எடுக்க நேரம் வேணும்.

1. அடிப்பக்கம். நல்ல தண்ணியால அடிச்சுக் கழுவுங்கோ: பிரேக் குழாய், படிக்கட்டு மோட்டர், ஜாக் கால், ஹிச் (இழுவைக் கொளுவி). காஞ்ச பிறகுதான் துருத் தடுப்பு ஸ்பிரே. உப்புக்கு மேல அடிச்சால் உப்பை உள்ள வைச்சுப் பூட்டினது மாதிரி. பிரேக் டிஸ்க்கிலயும் டிரம்மிலயும் மட்டும் அது படக்கூடாது.

2. ஃபிஃப்த் வீல் பிரேக். மின்காந்த டிரம் பிரேக் எண்டால் டிரம்முக்குள்ள துருப் பிடிச்சிருக்கும். பார்க்குக்குள்ளயே 30 கி.மீ வேகத்தில பிக்கப்பில இருக்கிற பிரேக் கொன்ட்ரோலரைக் கையால அமத்தி ஏழெட்டுத் தரம் பிடிச்சுப் பாருங்கோ. ஒரு பக்கம் இழுத்தால் ஒரு மக்னெட் வேலை செய்யேல்லை. அநேகமா ஏழு பின் பிளக்கிலதான் பிழை: செம்பு பச்சையாப் பூத்திருக்கும். கொன்டாக்ட் கிளீனர் அடிச்சு, சின்ன பிரஷால தேய்ச்சு, டைஎலெக்ட்ரிக் கிரீஸ் பூசுங்கோ. கார் இழுக்கிற வண்டியிலயும் இதே வேலை, அதோட டோ பாரின்ர, அதாவது காரை இழுக்கிற கம்பியின்ர, பின்கள் இறுகாமல் கழருதோ எண்டும் பாருங்கோ.

3. ரயர். பக்கச் சுவரில டிஓடி எண்டு தொடங்கிற வரியின்ர கடைசி நாலு இலக்கம்: 2320 எண்டால் 2020-இல 23ஆம் கிழமை செய்தது. ஏழு வருசம் தாண்டினால் பூ, அதாவது மேல்பள்ளம், எவ்வளவு இருந்தாலும் மாத்துங்கோ, ஆர்வி ரயர் தேய்ஞ்சு சாகிறதில்லை, வெயிலில வெடிச்சுத்தான் சாகிறது. காத்து: கடற்கரையில 30 பாகை வெயிலில 80 பிஎஸ்ஐ அடிச்சால், ஐடஹோவில விடிய 0 பாகையில அது 70, 71 தான் காட்டும். அங்க திரும்ப அடிக்க வேணும். அதுக்காக இங்கயே 90 அடிச்சுக்கொண்டு சொனோரா வெயிலில ஓடாதேங்கோ. சில்லு நட்டுகளை டோர்க் ரென்ச்சால இறுக்கி, 80 - 160 கி.மீ ஓடின பிறகு திரும்ப ஒருக்கா.

4. பிரிட்ஜ், ஃபர்னஸ், கொதிநீர்ப் பெட்டி. கேஸில வேலை செய்யிற எல்லாத்தின்ர பேர்னர் குழாய்க்குள்ளயும் குளவி மண் கூடு கட்டியிருக்கும். சுவாலை நீலமா நேரா நிக்க வேணும். மஞ்சளா ஆடினால் காத்து போகேல்லை, கரி படியும், கார்பன் மொனொக்சைட்டும் வரும். அழுத்தக் காத்தால ஊதுங்கோ. கம்பி விட்டுக் குத்திறதெண்டால் ஜெட் துளை பெருக்காமல் கவனம்.

5. பற்றரி. அஞ்சு மாசம் சார்ஜில நிண்டால் ஈயப் பற்றரியில தண்ணி இறங்கியிருக்கும். வடிச்ச தண்ணிதான் விடவேணும், குடிக்கிற கர்ரஃபோன் (பெரிய போத்தல்) தண்ணி கூடாது. சார்ஜரைக் கழட்டி ஒரு இரவு விட்டு அளந்தால் 12.6, 12.7 வோல்ற் இருக்க வேணும். 12.2 எண்டால் அரைவாசிதான்.

இன்னொண்டு. ஏப்ரலில எல்லாரும் ஏசி போடத் தொடங்க, பார்க்கில வோல்டேஜ் இறங்கும். 104 வோல்ற்றுக்குக் கீழ போனால் கொம்பிரஸரைப் போடாதேங்கோ, எரிஞ்சுபோகும். கட்-ஓஃப் உள்ள புரொடெக்டர் இல்லாட்டி 15 அம்ப் பிளக்கில குத்துற சின்ன வோல்ட்மீற்றராவது வையுங்கோ. எர்த் இல்லாத பிளக்குகளும் கனக்க. ஈரக் காலோட வண்டியின்ர கதவுப் பிடியைத் தொட கூச்சம் தெரிஞ்சால் உடன வயரைக் கழட்டுங்கோ.

பேப்பர்கட்டு:
மூன்று வண்டிக்கும் சட்டம் ஒன்றில்லை என்பதுதான் இதில் குழப்பம்.

மோட்டார்ஹோமுக்கும் கிளாஸ் சி-க்கும் ஃபிஃப்த் வீலுக்கும் கொடுத்திருக்கும் தற்காலிக இறக்குமதி அனுமதி பத்து ஆண்டுக்கானது, வைப்புத்தொகை கிடையாது. வெளியேறும்போது ரத்து செய்ய வேண்டியதில்லை. விற்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் ரத்து செய்துவிடுங்கள். பழைய அனுமதி கணினியில் திறந்தே இருந்தால் புது வண்டிக்குக் கிடைக்காது.

பிக்கப்பும் இழுத்து வரும் காரும் அப்படியில்லை. அவற்றின் அனுமதி உங்கள் 180 நாளோடு முடிகிறது. மாடல் ஆண்டைப் பொறுத்து 200, 300 அல்லது 400 டாலர் வைப்பு கட்டியிருப்பீர்கள். 2007 அல்லது அதற்குப் பிந்தைய வண்டி என்றால் 400. மே 8-க்குப் பிறகு ஒரு நாள் தாமதித்தாலும் பணம் போய்விடும், அடுத்த ஆண்டு அனுமதியும் சிக்கல். வண்டி ரிப்பேர் என்ற காரணமெல்லாம் அந்தத் தேதிக்குள் போய்ச் சொன்னால்தான் எடுபடும்.

நோகாலெஸுக்குத் தெற்கே கிலோமீட்டர் 21-இல் பன்ஹெர்சிதோ வங்கியின் திரும்பும் பக்க மாட்யூல் இருக்கிறது. இந்த இரண்டு வண்டிகளும் அங்கே நிற்க வேண்டும். பலகையைக் கண்டதும் வேகத்தைக் குறையுங்கள். தாண்டிப் போய்விட்டால் 12 மீட்டர் வண்டியைத் திருப்பிக் கொண்டு வருவது பெரும்பாடு. கண்ணாடியில் ஒட்டிய ஹோலோகிராமை நீங்களே சுரண்டி எடுத்துவிடாதீர்கள். அலுவலர் சேஸிஸ் எண்ணைப் பார்த்து, அவரே எடுத்து, ரசீது தருவார். ரசீதைக் கையில் வாங்கிய பிறகே நகருங்கள். வைப்பை கார்டில் கட்டியிருந்தால் அதே கார்டுக்குத் திரும்பும். ரொக்கமாகக் கட்டியிருந்தால் கையில் ரொக்கம். சிலர் சொனோராவிலேயே அனுமதி தேவையில்லாத பகுதி வந்துவிட்டது என்று எண்ணி இதைக் கடந்துவிடுகிறார்கள். அனுமதி தேவையில்லை என்பது வேறு, ஏற்கனவே எடுத்த அனுமதியை மூடுவது வேறு.

மெக்சிகோ காப்பீட்டின் முடிவுத் தேதியையும் பாருங்கள். ஏப்ரல் 6-க்குத் தள்ளினால் அது நீடிக்கிறதா? இழுக்கும் காரும் ஃபிஃப்த் வீலும் பாலிசியில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். கனடாக் காப்பீடு அங்கே செல்லாது. மூன்றாம் நபர் பொறுப்பு 3 லட்சம் அமெரிக்க டாலருக்குக் குறையாமல் இருப்பது நல்லது.

வழியில் இரண்டு நிறுத்தம் உறுதி. சினலோவா தாண்டி சொனோராவுக்குள் நுழையும் எஸ்தாசியோன் தோனில் பழம், இறைச்சி சோதனை. ஹெர்மோசியோவுக்கு வடக்கே கெரோபாபியில் ராணுவச் சோதனை. வரிசை நீளும், நாய் ஏறி மோப்பம் பிடிக்கும். வண்டிக்குள் ஆள் ஏறினால் உங்களில் ஒருவர் கூடவே இருங்கள். கேட்டதற்கு மட்டும் பதில் போதும்.

நீலச்சுடர்:
யாரும் தொடாத விஷயம் ஒன்று: உங்கள் சிலிண்டரில் இருக்கும் கேஸ். மெக்சிகோவில் விற்கும் எல்பி கேஸ் வெறும் புரொப்பேன் இல்லை, ப்யூட்டேனும் கலந்தது. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். ப்யூட்டேனுக்கு அந்த எல்லை மைனஸ் அரை டிகிரி. கடற்கரையில் வித்தியாசமே தெரியாது. யூட்டாவில் இரவு மைனஸ் 5-க்குப் போனால் டேங்கில் திரவம் குலுங்கும், ஃபர்னஸோ பற்றாது. போதாக்குறைக்கு முதலில் ஆவியாவது புரொப்பேன்தான். அதனால் டேங்க் காலியாகக் காலியாக மிச்சமிருப்பதில் ப்யூட்டேன் பங்கு கூடிக்கொண்டே போகும். ரெகுலேட்டர் கெட்டுவிட்டது என்று பலர் அதை மாற்றிவிட்டு, பிறகும் பற்றவில்லையே என்று தலையைச் சொறிவது இதனால்தான்.

வழி: கடைசி ஒரு மாதம் மெக்சிகோவில் நிரப்பாதீர்கள், சமைத்துக் கொதிக்கவைத்துத் தீருங்கள். கால் டேங்கோடு எல்லை தாண்டி, டூசானிலோ ஃபீனிக்ஸிலோ சுத்தப் புரொப்பேன் போடுங்கள். 80 சதவீதத்துக்கு மேல் நிரப்ப விடவேண்டாம். மிச்சத்தை வெளியே திறந்துவிடுவது ஆபத்து, அதைச் செய்யவே கூடாது.

டீசல் பிக்கப்: 2015 மாடல் என்பதால் புகையைச் சுத்திகரிக்கும் டிஇஎஃப் திரவம் கேட்கும். அது 32.5 சதவீத யூரியாக் கரைசல். 30 டிகிரிக்கு மேல் பல மாதம் கிடந்தால் கெட்டுப்போகும். கடற்கரையில் வெயிலில் கிடந்த கேனை ஊற்றினால் டேஷ்போர்டில் எச்சரிக்கை வரும், பிறகு வண்டி தானாகவே வேகத்தைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். சமீபத்திய தேதியிட்ட கேனாக வாங்குங்கள்.

தண்ணீர்: கிளம்புமுன் நன்னீர்த் தொட்டியை 15 காலனுக்கு கால் கப் ப்ளீச் என்ற கணக்கில் நிரப்பி, ஒவ்வொரு குழாயிலும் ப்ளீச் வாடை வரும்வரை திறந்து, இரவு முழுக்க விட்டு, காலையில் கொட்டுங்கள். கொதிநீர்ப் பெட்டியில் அனோட் கம்பி இருந்தால் அதையும் கழற்றிப் பாருங்கள், கடின நீரில் ஐந்து மாதத்தில் கம்பி மட்டும் மிஞ்சியிருக்கும்.

ஃபீனிக்ஸிலிருந்து ஐ-17 நெடுஞ்சாலையில் ஃபிளாக்ஸ்டாஃப் போகாதீர்கள். அது 2,100 மீட்டர், ஏப்ரலிலும் பனி விழும். யூஎஸ்-93-இல் விக்கன்பர்க், கிங்மன், லாஸ் வேகஸ், அங்கிருந்து ஐ-15. செயின்ட் ஜார்ஜ்தான் கடைசி வெதுவெதுப்பு. அடுத்த சீடார் சிட்டி 1,700 மீட்டருக்கு மேல். ஆகவே செயின்ட் ஜார்ஜிலேயே குழாய்களைக் காலி செய்து இளஞ்சிவப்பு ஆர்வி ஆன்ட்டிஃப்ரீஸ் (உறையாமல் தடுக்கும் திரவம்) ஏற்றிவிடுங்கள். கொதிநீர்ப் பெட்டியை பைபாஸ் செய்தால் வண்டிக்கு 2, 3 காலன் போதும். பைபாஸை மறந்தால் பெட்டியே 6 காலனைக் குடித்துவிடும். அதன்பின் கால்கரி வரை புட்டித் தண்ணீர்தான். ஐடஹோ - மொன்டானா எல்லையில் மொனைடா கணவாய் 2,000 மீட்டருக்கு மேல். காலை பத்து மணிக்குப் பிறகு ஏறுங்கள், நிழலில் உறைந்த பனி இளகியிருக்கும். 34 அடிச் சுவருக்குப் பக்கக் காற்றுதான் எதிரி. காற்று எச்சரிக்கை இருக்கும் நாளில் ஓட்டாமல் இருப்பதைவிடச் சிறந்த உத்தி எதுவும் இல்லை.

குளிர்ப்பறவை:
எல்லோருக்கும் நன்றி. ஏப்ரல் 6 என்று மாற்றிவிட்டோம். இன்னும் இரண்டு சந்தேகம்: ஒரு வண்டியில் நாய் இருக்கிறது. இன்னொன்றில் தொட்டியில் கறிவேப்பிலைச் செடி, ஃப்ரீசரில் கோழி, கூடை நிறைய மாம்பழம். அமெரிக்க எல்லையில் என்ன ஆகும்?

பேப்பர்கட்டு:
நாய்க்கு ஆறு மாத வயது ஆகியிருக்க வேண்டும், மைக்ரோசிப் வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் நாய் இறக்குமதிப் படிவத்தை இணையத்தில் நிரப்பி ரசீதை அச்செடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஆகஸ்ட் முதல் இது கட்டாயம். 2024 நவம்பரில் மெக்சிகோவில் சதை தின்னும் ஸ்க்ரூவொர்ம் புழு மீண்டும் தலைகாட்டியது. அதனால் எல்லைக்கு ஐந்து நாளுக்குள் சோதித்து, புழு இல்லை என்று அரசுக் கால்நடை மருத்துவ அலுவலர் தரும் சான்றும் தேவை. நாலு நாள் பயணம் என்பதால் லோ தெ மார்க்கோஸில் வாங்கினால் விளிம்பில் நிற்கும். ஒரு நாள் எங்காவது தங்கினாலே காலாவதி. சொனோராவுக்குள் வந்து வாங்க முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். ரேபிஸ் ஊசிச் சான்று கனடா எல்லைக்கும் வேண்டும்.

கறிவேப்பிலைச் செடியை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். எலுமிச்சை இனத்தை அழிக்கும் பச்சையாதல் நோயைப் பரப்பும் பூச்சி அதில் வாழும். செடியும் சரி, இலையும் சரி, உள்ளே விடமாட்டார்கள். மண்ணோடு எந்தச் செடியும் கூடாது. பச்சைக் கோழி, பச்சை முட்டை, பன்றி இறைச்சி, மாம்பழம், கொய்யா, ஆரஞ்சு எதுவும் கூடாது. பழத்தையும் கோழியையும் எஸ்தாசியோன் தோனுக்கு முன்பே தீர்த்துவிடுங்கள், அங்கேயே பறிப்பார்கள். எதையாவது மறந்து வைத்திருந்தால் அமெரிக்க அதிகாரி கேட்கும்போது சொல்லிவிடுங்கள்: சொன்னால் பொருள் மட்டும் போகும், மறைத்தால் அபராதம்.

பதினஞ்சாம் ரோடு:
எல்லையில ஒண்ணு கவனிங்க. நோகாலெஸ் ஊருக்குள்ள இருக்குற கேட்டுக்குப் போயிடாதீங்க, ஆர்வியோட அந்தச் சந்துல மாட்டிக்குவீங்க. மரிபோசா கேட். ஊருக்குத் தெற்கேயே புறவழி பிரியும், போன் மேப் சில நேரம் ஊருக்குள்ளதான் இழுக்கும். போற இடத்தை "மரிபோசா"ன்னு நீங்களே கைப்பட வச்சுக்கோங்க. வரிசையில நிக்கும்போது ஃப்ரிட்ஜ் கதவுக்கு முன்னால எதையும் அடுக்கி வைக்காதீங்க, அதைத்தான் முதல்ல திறப்பாங்க. தாண்டினதும் ஐ-19-ல தூரப் பலகையெல்லாம் கிலோமீட்டர்ல இருக்கும், வேகப் பலகை மட்டும் மைல்ல.